கனவின் செலவு யாருடையது?

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வாக்கியத்துக்கு மறுபேச்சு எழுவதில்லை: "ஆண்டவர் எனக்குச் சொப்பனத்தில் காட்டினார்." வீட்டு ஜெபக் கூட்டத்திலும் உபவாசக் கூடுகையிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் இதைக் கேட்கலாம். சொல்பவர் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவாக இருக்கலாம். பெருங்கூட்டம் கூடிய கன்வென்ஷன் மேடையில் நிற்கும் ஊழியக்காரராகவும் இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு திருமணங்கள் நிச்சயமாகின்றன, நிலம் கைமாறுகிறது, பிள்ளையின் படிப்பு மாறுகிறது, மாத்திரை நிறுத்தப்படுகிறது. சில வேளை குடிப்பவர் குடியை விடுகிறார். பல வருஷம் பேசாதிருந்த அண்ணன் வீட்டுப் படியைத் தம்பி ஏறுகிறார்.

இந்தப் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. வேதத்தில் இருக்கிறது, ஆகவே கேள்வி வேண்டாம் என்று ஏற்பவர்கள் அதைவிட அதிகம். இரு தரப்பாரும் வேதத்தில் உள்ள கனவுகளை நின்று வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் கண்ட கனவு மெய்யாகவே கடவுளிடமிருந்து வந்ததா என்று வெளியாள் ஒருவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கனவின் செலவு யார் தலையில் விழுகிறது என்று எவரும் பார்க்கலாம். கனவு கண்டவர் தாமே அதைச் சுமக்கிறாரா, வேறொருவரைச் சுமக்கச் சொல்கிறாரா? இந்தக் கேள்வியோடு வேதத்தையும் நம் பகுதியின் இருநூறு ஆண்டு அனுபவத்தையும் வாசித்தால் பல விஷயங்கள் துலங்குகின்றன. அந்தக் கேள்வி எங்கே போதாமல் போகிறது என்பதும் தெரிகிறது.

மத்தேயு சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் ஐந்து சொப்பனங்கள் வருகின்றன. நான்கு யோசேப்புக்கு, ஒன்று கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளுக்கு. யோசேப்பின் ஒவ்வொரு சொப்பனத்துக்குப் பிறகும் யோசேப்புக்குத்தான் வேலை. ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொண்டு மரியாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓட வேண்டும். பிறகு அங்கிருந்து கிளம்ப வேண்டும். யூதேயாவில் அர்கெலாயு ஆள்கிறான் என்று தெரிந்ததும் கலிலேயாப் பக்கம் ஒதுங்கி, நாசரேத்தில் மறுபடி வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். சுவிசேஷங்களில் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்லும் பதிவாகவில்லை. கண்டதை அவர் யாரிடமும் அறிவித்ததாக இல்லை. அவர் கனவு அவருக்கு எந்த உயர்வையும் தரவில்லை. வழிநடையையும் அகதி வாழ்க்கையையும் தந்தது.

அப்போஸ்தலருடைய நடபடிகளிலும் இதே போக்குத்தான். தமஸ்குவில் அனனியாவுக்கு ஒரு தரிசனம் வருகிறது: விசுவாசிகளைச் சிறைபிடிக்க வந்திருக்கும் சவுலைத் தேடிப் போ. அனனியா அஞ்சுகிறார், எதிர்த்துப் பேசுகிறார், பிறகு போகிறார். உயிருக்கு ஆபத்து என்றால் அது அவருடைய உயிருக்கு. அதே நேரத்தில் சவுலுக்கும் தனியே ஒரு தரிசனம் கிடைத்திருக்கிறது. ஒருவர் கண்டதை மற்றவர் கண்டது உறுதிசெய்கிறது. பத்தாம் அதிகாரத்தில் செசரியாவில் கொர்நேலியுவும் யோப்பாவில் பேதுருவும் தனித்தனியே காட்சி காண்கிறார்கள். பேதுரு இழக்க வேண்டியது சிறிதல்ல. தீட்டு என்று பிறந்தது முதல் ஒதுக்கிவைத்த உணவையும், அப்படியே ஒதுக்கிவைத்த மனிதர்களோடு பந்தியில் அமர்வதையும் அவர் ஏற்க வேண்டும். சாதியை அறிந்த நம் மண்ணில் அந்த அதிகாரத்தின் கனம் விளக்காமலே புரியும். மக்கெதோனியா மனிதன் ஒருவன் உதவிக்கு அழைப்பதை இரவில் கண்ட பவுல், கடல் கடந்து போய்ப் பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டுத் தொழுமரத்தில் கால் மாட்டப்படுகிறார்.

கனவு யாருக்கு வருகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. கேராரின் ராஜா அபிமெலேக்கு, எகிப்தின் பார்வோன், பாபிலோனின் நேபுகாத்நேச்சார், கிதியோனின் எதிரிப் பாளயத்தில் படுத்திருந்த பெயரில்லாத மீதியானியப் போர்வீரன், இயேசுவின் விசாரணை நாளில் பிலாத்துவின் மனைவி. இவர்கள் எல்லாரும் இஸ்ரவேலுக்கு வெளியே நிற்பவர்கள். அபிஷேகம் பெற்ற ராஜாவாகிய சவுலோ கடைசி நாட்களில் சொப்பனத்தின் வழியாகவும் பதில் கிடைக்காமல் தவிக்கிறான். கோயிலும் பட்டமும் உள்ளவர்களைத் தாண்டிக் கடவுள் பேசக்கூடும் என்பதை இந்தக் கனவுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இந்தப் பழக்கத்தின் முதன்மையான பலம் இதுவே. அதிகாரத்தின் வாசலில் நிற்க முடியாதவருக்கும் இது ஒரு வாயைத் தருகிறது.

ஆதியாகமத்து யோசேப்பின் கதையை மட்டும் நம் மேடைகள் பாதியில் நிறுத்திவிடுகின்றன. பார்வோனின் ஏழு கொழுத்த பசுக்களையும் ஏழு மெலிந்த பசுக்களையும் விளக்கி, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கச் சொன்னது நல்ல திட்டம். பஞ்சத்திலிருந்து உயிர்களைக் காத்தது. ஆனால் நாற்பத்தேழாம் அதிகாரம் வரை வாசிக்க வேண்டும். தானியத்துக்காக எகிப்தின் மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு ஆடுமாடுகளை, பிறகு நிலத்தை, கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாகக் கொடுத்தார்கள். ஆசாரியர்களின் நிலம் மட்டும் தப்பியது. கனவு ராஜாவுடையது, செலவு குடியானவனுடையது. வேதம் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கம் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

எச்சரிக்கைகளும் குறைவல்ல. சொப்பனக்காரன் சொன்ன அடையாளம் பலித்தாலும்கூட, அவன் மக்களை வேறு தெய்வங்கள் பக்கம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது என்கிறது உபாகமம் பதின்மூன்றாம் அதிகாரம். பலித்துவிட்டது என்பதே சான்றாகாது என்று அத்தனை பழைய நூல் சொல்கிறது! எரேமியா இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி, கனவு கண்டேன் கனவு கண்டேன் என்று கூவுகிறவர்களைப் பார்த்துப் பதரையும் கோதுமையையும் ஒன்றாக அளப்பீர்களா என்ற பொருளில் கேட்கிறார். அவர்கள் கனவுகள் எல்லாமே கேட்பவருக்கு இதமாக இருந்ததுதான் அவருடைய குற்றச்சாட்டு. தொல்லையின் மிகுதியால் கனவு வரும் என்று பிரசங்கி சொல்வது, இன்றைய மனநல மருத்துவர் பகலின் கவலை இரவில் காட்சியாகிறது என்று சொல்வதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவும் வேண்டாம், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும் என்கிறார். நம் சபைகள் முதல் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கின்றன.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெருங்காப்பியமே கனவு கண்டவரைப் பற்றியது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் தம் தமிழகப் பணியின் தொடக்க ஆண்டுகளைக் கழித்த வீரமாமுனிவர், 1726இல் முடித்த தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்ற பெயரில் நாயகனாக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முக்கிய மூலம் ஸ்பெயின் நாட்டின் ஆகிரேதா ஊர்த் துறவி மரியா, தாம் கண்ட காட்சிகளின் அடிப்படையில் எழுதிய நூல். அந்த நூலின் கதை நமக்கு முக்கியம். 1670இல் வெளிவந்த அதை 1681இல் ரோமின் விசாரணை மன்றம் தடை செய்தது. தடை பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. 1696இல் பாரிஸ் சொர்போன் இறையியலாளர்கள் கண்டித்தார்கள். இத்தனை விசாரணைக்கு நடுவிலும் அந்தக் காட்சிகள் காப்பியத்துக்கு உரமாயின. காட்சியைச் சட்டமாக்க மறுத்த திருச்சபை, அது கவிதையாவதைத் தடுக்கவில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு முதிர்ச்சி இருக்கிறது. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் பெயருக்குப் பின்னாலும் ஒரு கனவுக் கதை உண்டு: மாதா கனவில் அறிவித்தபடி ரோமில் ஆகஸ்ட் வெயிலில் பனி பெய்து கோயிலுக்கு இடம் காட்டியது என்பார்கள். அதைப் புனைகதை மரபு என்று அறிஞர்கள் சொல்லிவிட்ட பின்னும் ஆகஸ்ட் 5 திருவிழாவில் மக்கள் கூட்டம் குறையவில்லை. பக்திக்கு அந்தக் கனவு சரித்திரமாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சபைகள் வரும் முன்பே தாமிரபரணிக் கரை கனவுகளை மதித்த மண். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர் திருச்செந்தூர்ச் சண்முகர் திருமேனியைக் கடலில் கொண்டுபோனபோது, அது கிடக்கும் இடத்தை நெல்லையிலிருந்த வடமலையப்பப் பிள்ளையனுக்கு முருகன் கனவில் காட்டியதாகத் தல மரபு சொல்கிறது. எலுமிச்சம்பழம் மிதக்கும், மேலே கருடன் வட்டமிடும் என்று அடையாளம். அவர் படகேறிப் போய்ப் பார்த்தார் என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். கனவைக் கடலில் இறங்கிச் சரிபார்த்த கதை அது. சுடலைமாடன் கொடையில் சாமியாடி வாக்குச் சொல்வதும் இங்கே பழகிய காட்சி. இடையன்குடியில் 1841 முதல் பணியாற்றிய கால்டுவெல், 1849இல் எழுதிய சிறுநூலில், வெறியேறி ஆடும் பூசாரியிடம் ஊரார் நோய் பற்றியும் இழப்பு பற்றியும் கேட்பதை விவரிக்கிறார். தாங்கள் வாழும் முறையையே இழிவாக வருணித்த நூல் என்று நாடார் சமூகத்தார் அதைப் பின்னாளில் கடுமையாக எதிர்த்தது நியாயமே. ஆனாலும் ஒரு செய்தி அதில் தெளிவு: புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்குத் தெய்வ வாக்கு என்பது வெள்ளைக்காரர் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. மிஷனரிகள் அச்சடித்த வேதத்தையும் பள்ளிக்கூடத்தையும் கொண்டுவந்தார்கள். கனவைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். வேதத்தை வாசிக்கக் கற்றவர்களோ அதில் யோவேல் தீர்க்கதரிசியைக் கண்டார்கள். குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள், வேலைக்காரர்மேலும் ஆவி ஊற்றப்படும் என்ற வாக்கு அங்கே இருந்தது.

அந்த வாக்கு 1860இல் இங்கே பற்றிக்கொண்டது. உக்கிரன்கோட்டையில் 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், பாளையங்கோட்டையில் மிஷனரி இரேனியுஸ் ஐயரிடம் பயின்றவர். பிறகு அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் தொடர்பால், எந்த மிஷன் சம்பளமும் வாங்காமல் ஊழியம் செய்யும் வழியைத் தேர்ந்தார். 1840இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை உருவாக்கினார். ஆண்டாள் தன் திருமணத்தைக் கனவாகக் கண்டு பாடிய ஊரின் அக்கம்பக்கம் அது. 1860 மார்ச்சில் அவருடைய மக்களிடையே எழுப்புதல் தொடங்கியது. பாவ உணர்வால் கதறி அழுதார்கள். அந்நிய பாஷை பேசினார்கள். தரிசனமும் சொப்பனமும் கண்டார்கள். பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்க அசூசா தெருக் கூட்டங்களுக்கு 46 ஆண்டுகள் முந்தியது இது. தெற்கே சிஎம்எஸ் என்ற ஆங்கிலிக்கன் மிஷனின் சபைகளுக்கும் பரவியது. ஆஷ்டன் டிப் போன்ற மிஷனரிகள் இதைக் கவனித்து எழுதினார்கள். வியப்பும் கவலையும் கலந்திருந்த அந்தக் கவனிப்பில் ஓர் உண்மையை அவர்களால் மறுக்க முடியவில்லை: வெள்ளைக்கார ஐயர் யாரும் தொடங்காமலும் நடத்தாமலும் எழுந்த இயக்கம் இது.

அன்றைய சபையில் முடிவெடுத்தவர்கள் மிஷனரிகள்; அவர்களுக்குக் கீழே சம்பளம் பெறும் உபதேசியார்கள்; அதற்கும் கீழே சபை மக்கள்; அவர்களுக்குள்ளும் கடைசியில் பெண்கள். அந்த அடுக்கின் அடியில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்று தான் கண்டதைச் சொன்னபோது, கேட்க வேண்டிய நிலை சபைக்கு வந்தது. எந்தக் கமிட்டியும் எந்தத் தீர்மானமும் அன்று அவளுக்குத் தந்திருக்க முடியாத இடத்தைக் கனவு தந்தது. அருளப்பன் பக்கத்துக் கணக்கும் நேரானது. அவர் கனவுகளை வைத்துச் சம்பாதிக்கவில்லை. சம்பளம் இல்லாமல் வாழ்ந்து 1867இல் மறைந்தார். திருநெல்வேலித் திருச்சபை வரலாறுகளில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகக் குறைவு. பெரிய மிஷன்களின் கட்டடமும் கோப்பும் இல்லாதவர்கள் நினைவிலிருந்து எளிதில் நழுவிவிடுகிறார்கள் என்பது வருத்தம் தருகிறது.

அந்த அலை மலைத்தொடரைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தஸ் யோசேப்பு, வெளிப்பாட்டின் பேரில், கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்று அறிவித்தார். பலர் நம்பினார்கள். தனியே யுயோமயம் என்ற சபை உருவானது. குறித்த ஆண்டு வந்து போயிற்று. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், புலமை மிக்கவர், மலையாளச் சபைகளில் பாடப்பட்ட பாடல்களை எழுதியவர், சிஎம்எஸ் சபைத் தொடர்பை இழக்கவும் துணிந்தவர். செலவை அவரே சுமந்தார், அவரை நம்பியவர்களும் மனமுவந்து சுமந்தார்கள். ஆனாலும் தவறு தவறுதான்.

ஆகவே நான் முன்வைத்த கேள்விக்கு ஓர் எல்லை இருக்கிறது. தன் கனவின் விலையைத் தானே கொடுப்பவர் நேர்மையானவர் என்று நம்பலாம். அவர் கண்டது உண்மை என்று அதனால் முடிவுகட்ட முடியாது. நேர்மை கனவுக்குக் கதவு திறக்கலாம். அதை வீட்டுக்குள் உட்கார வைக்க வேறு சாட்சிகள் வேண்டும்.

டோனாவூரின் எமி கார்மைக்கேல் இதை இன்னும் சிக்கலாக்குகிறார். 1895இல் இந்தியா வந்து பின் நெல்லைச் சீமையில் பணிபுரிந்த அவர், 1903இல் வெளியான தம் நூலில் ஓர் இரவைப் பற்றி எழுதினார். கொட்டுச் சத்தம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது, தூக்கம் வரவில்லை, இருளில் ஒரு செங்குத்துப் பாறை விளிம்பு தெரிகிறது, பார்வையற்ற மக்கள் கூட்டம் கூட்டமாக அதை நோக்கி நடந்து விழுகிறார்கள், சற்றுத் தள்ளி மரநிழலில் சிலர் பூத்தொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மேலைநாட்டுச் சபைகளின் அலட்சியத்தை உலுக்கிய காட்சி இது. அதன் செலவை அவர் கடைசிவரை தம் உடம்பால் கொடுத்தார். தேவதாசி முறைக்கு அனுப்பப்படவிருந்த சிறுமிகளுக்கு வீடு தந்தார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1951இல் டோனாவூரிலேயே மறைந்தார்.

அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியில் அக்கம்பக்கத்து மக்கள் எல்லாரும் குருடர்கள். அந்தக் கொட்டுச் சத்தத்துக்கு அவர்களிடம் ஓர் அர்த்தம் இருந்தது, அவர்களுக்கும் வழிபாடும் அன்பும் துயரமும் இருந்தன என்பதற்கு அங்கே இடமே இல்லை. காண்பவர் எந்தக் கருத்துகளோடு படுக்கப் போனாரோ அவையே காட்சிக்கு உருவம் கொடுத்தன. மனச்சாட்சியைத் தட்டி எழுப்பிய அதே காட்சி, அயலாரின் முகத்தை மறைத்தும்விட்டது. தரிசனம் கண்டவர் தியாகி என்பதால் தரிசனத்தின் உள்ளடக்கம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

இன்றைக்கு வருவோம். சுரண்டையில் 1935இல் பிறந்த டி. ஜி. எஸ். தினகரன், 1962இல் தாம் கண்ட தரிசனத்தைத் தம் ஊழியத்தின் ஊற்றாகச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியில் ஆறுதல் பெற்றவர்கள் தமிழ் பேசும் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவரைப் போல் தற்கொலையின் விளிம்பிலிருந்து மீண்ட ஒருவர் சொல்லும் சொல், அதே விளிம்பில் நிற்கும் இன்னொருவருக்குப் புத்தக இறையியலைவிடப் பக்கத்தில் கேட்கிறது. துக்க வீடுகளிலும் இப்படித்தான். இறந்துபோன மகன் வெள்ளை உடையில் சிரித்த முகமாய்க் கனவில் வந்தான் என்று தாய் சொல்லும்போது அதைச் சோதிக்கப் புறப்படுபவர் மனிதரே அல்லர். அந்தக் கனவால் யாருக்கும் நஷ்டமில்லை. தூங்காத ஒரு தாய் தூங்குகிறாள்.

என்னைக் கலங்கவைப்பது வேறு வகை. "உங்க மகளுக்கு இந்தப் பையன்தான்னு ஆண்டவர் காட்டினார்." "இந்தக் காணிக்கையை நீங்க கொடுக்கணும்னு எனக்கு வெளிப்பாடு வந்துச்சு." "வீட்டில் மறைந்த பாவம் இருக்கு, அதனாலதான் பிள்ளைக்கு இந்த வியாதி." இந்த வாக்கியங்கள் மூன்றிலும் கண்டவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர். மகள் தன் வாழ்க்கையைக் கொடுக்கிறாள், குடும்பம் தன் சேமிப்பைக் கொடுக்கிறது, நோயாளி தன் மீதே பழியைச் சுமக்கிறார். மத்தேயுவின் யோசேப்புக்கு வந்தது போன்ற கனவுகள் அல்ல இவை. கேட்பவருக்குத் தனியே எதுவும் காட்டப்படவில்லை, தமஸ்குவில் சவுலுக்குக் காட்டப்பட்டதே! மறுத்தால் ஊழியக்காரரை மறுப்பதாக ஆகாது, ஆண்டவரையே மறுப்பதாகிவிடும் என்ற பயம் வாயை அடைக்கிறது. படித்து அரசு வேலையில் இருக்கும் குடும்பங்களும் இதில் அகப்படுகின்றன. இப்போது இந்த வாக்குகள் பெரும்பாலும் அலைபேசியில், தனியாகப் பேசும்போது வருகின்றன. கொடையில் சாமியாடி சொல்லும் வாக்காவது ஊர் முழுக்கக் கூடி நிற்கும்போது, மேளக்காரர் முதல் சின்னப் பிள்ளை வரை கேட்கச் சொல்லப்படுகிறது.

நோய் விஷயத்தில் ஆபத்து உயிர் வரை போகும். ஒருவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன, இல்லாதவர்கள் தெரிகிறார்கள், தூக்கம் போய்விடுகிறது. பக்தியுள்ள வீட்டில் இது முதலில் தரிசனமாகவே தோன்றும். அதற்காக அந்த வீட்டாரைக் குறைசொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த மொழி அது. ஆனால் மனச்சிதைவு போன்ற நோய்க்குத் தொடக்க மாதங்களிலேயே சிகிச்சை கிடைத்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். உபவாசமும் முழு இரவு ஜெபமும் உறக்கத்தை மேலும் பறித்து நோயைக் கூட்டக்கூடும். கனவின் உத்தரவுக்காகக் காத்திருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஏர்வாடியில் பார்த்தது. தர்காவைச் சுற்றியிருந்த தனியார் காப்பகங்களில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். குணமாகி வீடு திரும்பும் உத்தரவு கனவில் வரும் என்பது அங்கே நிலவிய நம்பிக்கை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அத்தகைய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இது ஒரு மதத்தின் குறையல்ல. நெல்லையின் ஜெப வீடுகளும் அந்தத் தேதியைத் தங்கள் தேதியாக நினைத்துப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒருவரை அழைத்துப் போவது விசுவாசக் குறைவு ஆகாது என்று பீடத்திலிருந்தே குருவானவர்கள் சொன்னால் பல வீடுகளில் விளக்கெரியும்.

சோதிப்பதற்கான கருவிகள் நம்மிடமே இருக்கின்றன. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து பின் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, இந்திய மெய்யியலின் பிரமாணங்கள் என்ற முறையைக் கிறிஸ்தவ இறையியலுக்கு எடுத்தார். வேதம், யுக்தி, அனுபவம், சபை ஆகிய நான்கையும் சேர்த்து வைத்துத்தான் இறையறிவை நிறுவ முடியும் என்றார். பக்தி மார்க்கமாகவே கிறிஸ்தவத்தை வாசித்தவர் அவர். அனுபவத்தின் அருமை அறியாதவரல்லர். சாது சுந்தர் சிங் 1904இல் பஞ்சாபில் கண்ட கிறிஸ்து தரிசனம் நம் சபைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சாதுவைப் பற்றி ஆங்கிலேய இறையியலாளர் ஸ்ட்ரீட்டருடன் சேர்ந்து 1921இல் அப்பாசாமி எழுதிய நூல், சாதுவின் காட்சிகளை அன்போடும் ஆராய்ச்சிக் கண்ணோடும் ஒருசேரப் பார்க்கிறது. சாது ஊறிக்கிடந்த வேதப் பகுதிகள் அந்தக் காட்சிகளுக்கு வடிவம் கொடுத்ததை அது மூடி மறைக்கவில்லை. ஒருவரை ஆழமாக மதித்துக்கொண்டே அவர் கண்டதைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே நூறு ஆண்டுக்கு முன் வழி காட்டியிருக்கிறார்.

கத்தோலிக்கத் திருச்சபை 2024 மே மாதம் புதிய விதிகளை வெளியிட்டது. ஒரு காட்சி இயற்கைக்கு அப்பாற்பட்டதுதான் என்று ஆயர்கள் பொதுவாக இனி அறிவிக்க மாட்டார்கள். அதைச் சுற்றிய பக்தியில் நன்மை உண்டா, பணத்துக்கும் அதிகாரத்துக்கும் அது பயன்படுகிறதா என்பதையே ஆராய்வார்கள். இது நல்ல திருப்பம் என்று கருதுகிறேன். புராட்டஸ்டன்ட் சபைகளில் ரோமுக்கு இணையான விசாரணை அமைப்பு கிடையாது. தனி ஊழியங்களில் ஊழியக்காரரே சாட்சியும் நீதிபதியும் ஆகிவிடுகிறார்.

ஆனால் இங்கே ஒரு தயக்கம் எனக்கு உண்டு. சோதனை என்ற பெயரில் அதிகாரம் மறுபடி மேலே உள்ளவர்களின் கைக்கே போய்விடக்கூடும். 1860இல் எழுந்து நின்ற பெண்ணிடம் அன்றைய கமிட்டி நான்கு பிரமாணங்களையும் கேட்டிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். அதனால் கேள்வி எல்லாரிடமும் ஒரே கனத்தில் விழக் கூடாது. கனவின் பேரில் பிறருக்குக் கட்டளையிடும் இடத்தில் இருப்பவரிடம் அது முழுக் கனத்தோடு விழ வேண்டும். கனவின் பேரில் தன்னைத் தானே ஒரு வேலைக்கு ஒப்புக்கொடுக்கும் எளியவரிடம் காது கொடுத்துக் கேட்பதே முதல் கடமை.

அப்போஸ்தலர் பதினோராம் அதிகாரத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கொர்நேலியுவின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எருசலேம் திரும்பிய பேதுருவைச் சபையார் சும்மா விடவில்லை. விருத்தசேதனமில்லாதவர்களோடு ஏன் பந்தியில் உட்கார்ந்தீர் என்று வழக்காடினார்கள். பேதுரு கோபிக்கவில்லை, எனக்கு ஆண்டவர் காட்டினார், நீங்கள் யார் கேட்க என்று சொல்லவில்லை. யோப்பாவில் ஜெபிக்கும்போது கண்டது முதல் ஒவ்வொன்றாக வரிசைப்படி எடுத்துச் சொன்னார். தம்மோடு வந்திருந்த ஆறு சகோதரர்களைச் சாட்சிக்கு நிறுத்தினார். கேட்டபின் அவர்கள் அமைதியானார்கள். நெல்லைப் பகுதியின் கன்வென்ஷன் பந்தல்களில் சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறது. கேள்வி நேரம் இல்லை. தரிசனம் சொன்னவர் மேடையில் இருக்கும்போதே, பந்தலின் பெண்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுந்து, ஐயா, இதை உங்களோடு வேறு யார் கண்டார்கள், இதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்க ஒரு கால் மணி நேரம் ஒதுக்கலாம்.